சட்டி பொதுவானது, தட்டு நம்முடையது

உணவுக் கட்டுப்பாட்டில் தனித்து நிற்பவர்களுக்கான பாடம்



"சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், கீரையும் பருப்பும் கூட்டிச் சாப்பிடுங்கள்" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புகிறார்கள். கொப்பியில் எழுதியும் கொடுக்கிறார்கள். அந்தக் கொப்பியோடு வீடு திரும்புகிறவர் அதே அடுப்புக்கும் அதே சட்டிக்கும்தான் திரும்புகிறார். வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள், வருத்தம் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காக மற்ற ஆறு பேரும் தங்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வது அரிது. ஓரிரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று அவர் விட்டுவிடுகிறார். அடுத்த தடவை கிளினிக்கில் இரத்தச் சீனி இன்னும் ஏறியிருக்கிறது.

வீட்டாரும் கூட்டாளிகளும் கைகொடுக்காதபோது நல்ல உணவுப் பழக்கத்தை ஒருவர் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதே இவ்விதழில் நாம் படிக்கும் பாடம். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். இறுதியில் உள்ள கேள்விகளை நாலைந்து பேர் சேர்ந்து பேசுங்கள்.

1. எமது நிலைமையைப் பார்ப்போம்

பூனாகலைப் பகுதி மக்களுக்கு இடம்பெயர்வு புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் நாட்களைக் கழித்தார்கள். புது வீடுகள் பூனாகலைப் பகுதியில் அவர்கள் கைக்கு வர 2016 ஆகிவிட்டது. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலேயே மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மறுபடியும் மக்களை வீட்டை விட்டு எழுப்பியது.

மண் சரியும்போது வீடு மட்டும் போவதில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த கீரைப் பாத்தி, முருங்கை மரம், கோழிக்கூடு, மாட்டுப் பட்டி எல்லாம் சேர்ந்தே போகின்றன. முன்பு காசில்லாமல் சட்டிக்கு வந்த கீரையும் முட்டையும் பாலும் இப்போது கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டியவை ஆகிவிடுகின்றன. நிவாரணப் பொதியில் வருவது அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, டின் மீன், நூடில்ஸ், பிஸ்கட். பசியைத் தீர்க்க அது தேவை, கொடுப்பவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் அதையே சாப்பிடுகிறபோது மாவும் சீனியும் உப்பும் கூடுகின்றன, பச்சையும் பழமும் குறைகின்றன.

தோட்டத்தில் நீண்ட காலமாக உள்ள குறையோடு இது சேர்கிறது. 2016இல் நடந்த குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதிலும் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 100க்கு ஏறக்குறைய 32 பேர். அதே வீடுகளில்தான் அப்பாயிக்குச் சீனி வருத்தம், மாமாவுக்குப் பிரஷர், கர்ப்பிணி மருமகளுக்கு இரத்தச் சோகை. வளராத பிள்ளையும் சீனி வருத்தக்காரரும் ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டுக்கும் உணவில் ஒரு பொதுக் காரணம் உண்டு. ரொட்டியும் சம்பலும் இனிப்புத் தேத்தண்ணியும் வயிற்றை நிரப்புகின்றன. தசைக்கும் இரத்தத்துக்கும் எலும்புக்கும் வேண்டியது அவற்றில் போதாது. பிள்ளைக்கு வளர்ச்சி குறைகிறது, பெரியவருக்குச் சீனி ஏறுகிறது.

2. வீட்டார் ஏன் கைகொடுப்பதில்லை?

அவர்களைக் குறை சொல்வதற்கு முன் காரணத்தை ஆராய்வோம்.

முதற் காரணம், பசியின் ஞாபகம். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று எமது வீட்டுப் பெரியவர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, செப்டெம்பர் மாதத்தில் உணவு விலை ஒரு வருடத்துக்கு முன் இருந்ததைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. அப்போது ஒரு வேளையைக் குறைத்துக்கொண்ட வீடுகள் பல. இப்படிப் பசியைக் கண்டவர்களுக்கு, கண் முன்னால் ஒருவர் "சோறு போதும்" என்று சொல்வது அச்சத்தைத் தருகிறது. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ" என்று அவர்கள் வற்புறுத்துவதை இந்த வரலாற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, உணவே எமது அன்பின் மொழி. வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி குறைத்துத் தேத்தண்ணி கொடுப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறோம். கொடுத்ததை வேண்டாமென்றால் கொடுத்தவரையே வேண்டாமென்றது போலாகிவிடுகிறது.

மூன்றாவது, பணம். ஒருவருக்கென்று தனியாக ஆட்டா மா, தனியாகப் பால், தனியாகப் பழம் என்றால் வீட்டுக் கணக்கு தாங்காது. இது நியாயமான கவலை.

நான்காவது, வெட்கமும் பயமும். வருத்தம் வெளியே தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு கெடுமோ, வேலைக்கு எடுக்க மாட்டார்களோ என்று மறைக்கிறார்கள். மறைப்பதற்காகவே எல்லாரோடும் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார்கள்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தனித்து நிற்பவர் பெரும்பாலும் பெண். விடியற்காலையில் எழுந்து எல்லாருக்கும் சமைக்கிறவர் அவர். சட்டி அவர் கையில் இருக்கிறது, ஆனால் அதில் என்ன வேக வேண்டுமென்பதை வீட்டு ஆண்களின் வாயும் பிள்ளைகளின் வாயும் தீர்மானிக்கின்றன. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் அவருக்கு மிஞ்சுவது அடிச்சோறும் குழம்புத் தண்ணீரும். மலையேறிக் கொழுந்து எடுக்கும் உடம்பு அது. வீட்டில் முதலில் இரத்தம் வற்றுவது அந்த உடம்பில்தான். அவரைப் பார்த்து "நல்லதைச் சாப்பிடு" என்று சொல்கிறவர்கள், அவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

3. எமது கையில் இருப்பது எது?

பொதுச் சட்டியை மாற்றப் புறப்பட்டால் முதல் நாளே சண்டை வரும். ஆகவே அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒருவர் யாரையும் கேட்காமல் மாற்றக்கூடியவை ஐந்து உண்டு.

அ) எமது கோப்பை

தேத்தண்ணியிலிருந்தே தொடங்குவோம். ஒரு தேக்கரண்டிச் சீனி 4 முதல் 5 கிராம் வரை இருக்கும். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டியாக நாளுக்கு ஆறு கோப்பை குடிக்கிறவர் ஏறக்குறைய 48 முதல் 60 கிராம் வரை சீனியைத் தேத்தண்ணியிலேயே குடித்துவிடுகிறார். சுகதேகியான வளர்ந்த ஒருவர் சேர்த்துக்கொள்ளும் சீனி எல்லாமாக நாளுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேத்தண்ணியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பிஸ்கட்டும் சோடாவும் அதற்கு மேலே.

ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாள் திரும்பிவிடுவோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைத் தேக்கரண்டி குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். வீட்டில் கேத்தலிலேயே சீனி கலக்கும் வழக்கமிருந்தால், கலப்பதற்கு முன் உங்கள் கோப்பையை ஊற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சீனியைக் கையில் வைத்து வெறுந்தேத்தண்ணி குடிப்பவர்கள் கையில் வாங்கும் அளவைப் பாதியாக்கலாம்.

சோடாப் போத்தல்களில் 2016 முதல் சீனிக்கு நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைந்தால் பச்சை. எழுத வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்க்கலாம்.

ஆ) எமது தட்டு

சட்டியில் எல்லாருக்கும் ஒன்றுதான் வெந்திருக்கிறது. தட்டில் எது எவ்வளவு என்பது எமது கை. தட்டில் பாதி இடம் மரக்கறிக்கும் கீரைக்கும், கால் பங்கு சோற்றுக்கோ ரொட்டிக்கோ, கால் பங்கு பருப்பு, கடலை, முட்டை, மீன், கருவாடு போன்றவற்றுக்கு. பாதித் தட்டு மரக்கறி எல்லா நாளும் கிடைக்காது என்பது எமக்குத் தெரியும். கிடைக்கும் நாளில் கிடைக்கும் அளவுக்குச் செய்வோம். மூன்று ரொட்டிக்குப் பதில் ஒன்றரை ரொட்டியும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் என்றால், அதுவே பெரிய மாற்றம். தட்டில் முதலில் மரக்கறியைப் போடுங்கள். மிஞ்சிய இடத்தில் சோற்றைப் போடுங்கள். குரக்கன் நல்லது என்று அளவில்லாமல் சாப்பிடுகிறவர்களும் உண்டு. குரக்கனிலும் மாச்சத்து இருக்கிறது, அதற்கும் அளவு வேண்டும்.

சமைக்கிற பெண்களுக்கு ஒரு சொல். பரிமாறத் தொடங்கும்போதே உங்கள் பங்குப் பருப்பையும் கறியையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். யாருடைய பங்கையும் நீங்கள் பறிக்கவில்லை. வீட்டைத் தாங்குகிற உடம்புக்கு அது உரிய பங்கு.

உப்பு நாளுக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்புக் குறையும். சட்டியில் உப்பைக் குறைத்துப் போட்டு, வேண்டியவர்கள் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் சண்டையில்லை. போட்ட உப்பை எடுக்க முடியாது, போடாத உப்பைச் சேர்க்க முடியும்.

இ) எமது நேரம்

காசே செலவில்லாத மாற்றம் இது. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. ரொட்டியோடு தேத்தண்ணி, சோற்றுக்குப் பின் உடனே தேத்தண்ணி என்பது எமது பழக்கம். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை ஒருபோதும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. மலையில் வேலை செய்யும்போது வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சீனி இறங்கிவிட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். அந்த நேரத்தில் உடனே சீனியோ இனிப்புத் தேத்தண்ணியோ எடுக்க வேண்டும். மடியில் எப்போதும் இரண்டு டொபி இருக்கட்டும். "உணவைக் கட்டுப்படுத்துகிறேன்" என்று மருந்தை நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

ஈ) எமது சொல்

மறுக்கிற விதத்தில்தான் பாதிச் சண்டை இருக்கிறது. மாமியார், "ஏன்டி, எங்க வீட்டுச் சோறு உனக்கு எறங்கலையா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "இவ்வளவு சோறு சாப்பிடக் கூடாது, உங்களுக்கு ஒன்னும் தெரியாது" என்றால் கதை முடிந்தது. "அப்படி இல்லீங்க அத்தை, நீங்க வச்ச கீரைய இன்னும் கொஞ்சம் போடுங்க, சோறு இது போதும்" என்று சொல்லிப் பாருங்கள். கொடுப்பவரின் கை வெறுமையாகத் திரும்பவில்லை. நமக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது.

சம்பள நாளில் கூட்டாளி, "ஒரு நாளைக்கு ஒன்னும் ஆகாது மச்சான்" என்று சோடாவோ வேறு எதுவோ நீட்டுவார். நீண்ட விளக்கம் வேண்டாம். "எனக்கு ஒரு பிளேன்டீ சொல்லு மச்சான், சீனி வேணாம்" என்று வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். கூட இருந்து குடிக்கிறவரை யாரும் நெடுநேரம் வற்புறுத்துவதில்லை.

சாப்பிடும் நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள். தட்டுக்கு முன்னால் இருப்பவருக்கு "அது விஷம், இது விஷம்" என்று சொன்னால் வெறுப்புத்தான் வரும். பேச வேண்டியதை வேறு நேரத்தில், கொப்பியைக் காட்டிப் பேசுவோம்.

உ) எமது பிடி மண்

விவசாயக் குடும்பங்களுக்கு மண்ணைத் தொடாமல் இருப்பதே ஒரு வருத்தம். முகாமிலும் புது வீட்டிலும் பெரிய நிலம் இல்லாவிட்டாலும் பழைய அரிசிப் பையும் உரப்பையும் இருக்கும். உரப்பையை நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். முளைக்கீரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கலாம். பொன்னாங்காணியும் வல்லாரையும் தண்டு நட்டால் பிடித்துக்கொள்ளும், வெட்ட வெட்ட வளரும். இரண்டு மிளகாய்ச் செடியும் வேலியில் ஒரு முருங்கைக் கொம்பும் போதும். மலைச்சரிவில் வசிப்பவர்கள் பாத்திக்காக மண்மேட்டை வெட்டவோ நீரோடும் கானை மறிக்கவோ வேண்டாம். ஏற்கெனவே அசைந்த மலையை அது மேலும் பலவீனப்படுத்தும்.

தனித்து நிற்பவருக்கு இந்தப் பைகள் ஒரு பலம். அந்தக் கீரைக்கு யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. அது சட்டிக்குப் போனால் மற்றவர்களும் கேட்காமலே சாப்பிடுவார்கள்.

4. முகாமில் இருப்பவர்களுக்கு

பொதுச் சமையல் நடக்குமிடத்தில் தனிச் சமையல் கேட்க முடியாது. ஆனால் சமையலுக்குப் பொறுப்பானவரிடம் மூன்றைக் கேட்கலாம்: உப்பைக் கடைசியில் அளவாகப் போடுவது, தேத்தண்ணியைச் சீனியில்லாமல் ஊற்றிச் சீனியைத் தனியே வைப்பது, பருப்பைத் தண்ணீராக்காமல் கெட்டியாக வைப்பது. முகாமில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைக் கிராம உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கொடுங்கள். ஒருவருடைய முறைப்பாட்டைவிட ஓர் எண்ணிக்கைக்குக் கூடுதலாகக் காது கிடைக்கும்.

நூடில்ஸ் பக்கெட்டில் வரும் தூளில் பாதியைப் போட்டாலே போதும், அதில் உப்பு அதிகம். டின் மீனின் மெல்லிய முள்ளை எறியாமல் மசித்துக் கொடுங்கள். பிள்ளைகளின் எலும்புக்கு நல்லது. திரிபோசா கிடைத்தால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவரே சாப்பிடட்டும். கர்ப்பிணியின் பக்கெட்டை வீடு முழுவதும் பகிர்ந்தால் அவருக்கு மிஞ்சுவது இரண்டு நாள் பங்கு.

5. வழுவிய நாளில்

கோயில் அன்னதானம், திருநாள், கலியாணம், செத்த வீடு என்று வருடம் முழுவதும் அழைப்புகள் உண்டு. போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஒரு நாள் கூடிவிட்டால், "எல்லாம் போச்சு" என்று அந்த வாரம் முழுவதையும் விட்டுவிடுகிறோம். அதுதான் கேடு. அடுத்த வேளையிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். பத்து வேளையில் எட்டு வேளை ஒழுங்காக இருப்பவர், ஒரு வாரம் விரதம் போல் இருந்து மறு வாரம் கைவிடுபவரைவிட நன்றாக இருப்பார்.

6. ஒருவர் இருவராகும்போது

வீட்டில் துணை இல்லையென்றால் வீட்டுக்கு வெளியே தேடுவோம். கிளினிக் வரிசையில் எமக்கு முன்னால் நிற்பவருக்கும் அதே வருத்தம்தான். மாதம் ஒரு முறை அவரைச் சந்தித்து, "உங்களுக்கு எத்தனை? எனக்கு இத்தனை" என்று கொப்பியை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு துணை போதும். குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது மாமியாரையும் கணவரையும் கூட வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது மிஸ்ஸி சொன்னால் ஏறும். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இரத்தச் சீனியும் அழுத்தமும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. கூட்டிப் போகிறவரும் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். தன் எண்ணைக் கண்டபின் பலருடைய பேச்சு மாறுகிறது.

தூர தேசத்து உதாரணம் ஒன்று. பின்லாந்து நாட்டின் கிழக்கே வட கரேலியா என்ற மாகாணம். மாடு வளர்க்கும் விவசாயிகள். வெண்ணெயும் கொழுப்பும் உப்புமே அவர்களுடைய உணவு. 1970 அளவில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் செத்துக்கொண்டிருந்தார்கள். 1972இல் ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது. டாக்டர்கள் மட்டும் அதைச் செய்யவில்லை. கிராமத்து இல்லத்தரசிகள் சங்கம் ஊர் ஊராகக் கூடி, குறைந்த கொழுப்பிலும் உப்பிலும் சமைத்து, ஊராரைக் கூப்பிட்டுச் சாப்பிடக் கொடுத்தது. ருசி பார்த்த பின்பே பலர் நம்பினார்கள். நாற்பது ஆண்டுகளுக்குள் வேலை செய்யும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 வீதத்துக்கு மேல் குறைந்தது. வெண்ணெயை விடமாட்டோம் என்றிருந்த விவசாயிகளின் ஊரில் இது நடந்தது.

எமது லயத்திலும் புது வீட்டு வரிசையிலும் அப்படி ஒரு மாற்றம் வருவதற்கு நாளாகலாம். அதுவரை காத்திருக்க எமது உடம்புக்கு நேரமில்லை. நாளைக் காலைத் தேத்தண்ணியில் அரைத் தேக்கரண்டியைக் குறைப்பதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? நேற்று அவர் தட்டில் என்ன இருந்தது?

2. ஒரு நாளில் நீங்கள் குடிக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் சீனிக் கரண்டிகளையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை கிராம்?

3. நீங்கள் வேண்டாமென்றபோது வீட்டார் வருந்திய ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள். அதையே வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்?

4. இடம்பெயர்வதற்கு முன் காசில்லாமல் கிடைத்த உணவுகள் எவை? அவற்றில் எதை ஒரு பையிலாவது மறுபடி நடலாம்?

செய்து பார்க்க: அடுத்த இதழ் வரும் வரை மேலே சொன்ன ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வாரம் ஒரு கோடு போட்டு வாருங்கள். மூன்று மாதத்தில் எத்தனை கோடு என்று உங்கள் குழுவில் சொல்லுங்கள்.